நிழலுக்கு என்ன நிறம்?

கேள்வி: “இம்ப்ரெஷனிச ஓவியங்களை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவை அவசரத்தில் பாதியில் விட்ட வேலையாகத்தான் தெரிகின்றன. அதற்குப் பிறகு வந்த வான்கோ, செஸான் ஆகியோர் இன்னும் புரியவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது இவற்றில்? எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?”

உங்களுக்கு அப்படித் தோன்றுவதில் தவறே இல்லை. இந்த ஓவியங்கள் முதன்முதலில் மக்கள் முன் வந்தபோது பாரிஸ்காரர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. 1874 ஏப்ரல் 15ஆம் தேதி, கபுசின் புல்வார் 35ஆம் எண் கட்டடத்தில், புகைப்படக்காரர் நடார் காலி செய்துவிட்டுப் போன ஸ்டுடியோவில், சுமார் முப்பது பேர் சேர்ந்து தாங்களே ஒரு கண்காட்சி வைத்தார்கள். சலோன் என்ற பெரிய அரசுக் கண்காட்சியின் நடுவர்களிடம் படத்தைக் கொடுப்பதும், திருப்பி வாங்கி வருவதுமாக அலுத்துப்போனவர்கள் இவர்களில் பலர். அங்கே கிளாட் மோனே வைத்திருந்த ஒரு துறைமுகக் காட்சிக்கு ‘இம்ப்ரெஷன், சூரிய உதயம்’ என்று பெயர். இம்ப்ரெஷன் என்றால் மனத்தில் பதிந்த தோற்றம். லூயி லெரோய் என்ற பத்திரிகைக்காரர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார். சுவரில் ஒட்டும் பூத்தாள்கூட அதன் ஆரம்ப நிலையில் இதைவிட முழுமையாக இருக்கும் என்று நக்கலாக எழுதினார். கேலிக்கு வைத்த பெயர் இயக்கத்துக்கே பெயராகிவிட்டது. ஆகவே நீங்கள் நல்ல கூட்டத்தில்தான் நிற்கிறீர்கள்.

நான் ஓவியன் அல்ல. கலை வரலாறு படித்தவனும் அல்ல. சிவகாசியில் ஆஃப்செட் அச்சகங்களில் வண்ணப் பிரிப்பு வேலையில் 28 ஆண்டுகள் இருந்தவன். காலண்டர், நோட்டுப் புத்தக அட்டை, பட்டாசுப் பெட்டி லேபிள் என்று எது வந்தாலும் அதைச் சியான் (பச்சை சாய்ந்த நீலம்), மெஜந்தா (ஊதா சாய்ந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு என நான்காகப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. இந்த ஓவியங்கள் என்னிடம் வந்ததும் அந்த வழியில்தான். ஒரு வாடிக்கையாளர், ஆறு தாள் காலண்டருக்கு ஆறும் மோனேயின் படங்களாகவே வேண்டும் என்று கொண்டுவந்து கொடுத்தார். நிறத்துக்கு ஒரு பிலிமாகப் பிரித்துப் பார்த்தோம். வழக்கமாக நிழல் விழும் இடமெல்லாம் கறுப்புப் பிலிமில் கனமாக ஏறும். மூக்கின் ஓரம், தலைமுடி, மரத்தடி எல்லாம் அதில்தான் நிற்கும். இதிலோ கறுப்பு ஏதோ தூசி படிந்தது போலத்தான் இருந்தது. எங்கள் மெஷின்மேன் அதை விளக்கு மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, நிழலை எங்கே விட்டீர்கள்?” என்று கேட்டார். ஸ்கேனரில் கோளாறு என்று நினைத்து நானும் இரண்டாவது முறை பிரித்தேன். அதே கதைதான். நிழல் இருந்தது, ஆனால் அது சியானிலும் மெஜந்தாவிலும் இருந்தது.

அன்று பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. அதனால் எங்கிருந்து பார்ப்பது என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. நிழலைப் பாருங்கள். படத்தில் உள்ள ஆள், மரம், படகு எல்லாம் பிறகு.

பாரிஸில் ஆர்சே அருங்காட்சியகத்தில் மோனேயின் ‘லா பீ’ என்ற படம் இருக்கிறது. 1868-69 குளிர்காலத்தில், நார்மண்டிக் கடற்கரையில் எத்ரத்தா என்ற ஊரருகே வரைந்தது. பனி மூடிய தோட்டம். குச்சிகளால் பின்னிய ஒரு வேலி. இடதுபுறம் ஒரு சிறிய கதவு, அதன்மேல் காக்கை இனத்தைச் சேர்ந்த கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று. அவ்வளவுதான் படம். சூரியன் வேலிக்குப் பின்னாலிருந்து அடிப்பதால் வேலியின் நிழல் நம்மை நோக்கிப் பனிமேல் விழுகிறது. அந்த நிழல் நீலம். சாம்பல் கலந்த நீலம்கூட இல்லை, சில இடங்களில் ஊதாவுக்கே போய்விடுகிறது. பனியும் வெள்ளை இல்லை. வெயில் படும் இடத்தில் பாலாடை நிறம், இறங்கும் இடத்தில் இளஞ்சிவப்பு. மொத்தப் படத்திலும் சுத்தமான கறுப்பு என்று கண்ணில் படுவது அந்தப் பறவை ஒன்றுதான். ஓர் இசைத்தாளில் ஒரே ஒரு சுரக்குறி போல அது அந்தக் கதவின்மேல் உட்கார்ந்திருக்கிறது. 1869 சலோன் நடுவர்கள் இந்தப் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நிழல் நீலமாக இருக்குமா? இருக்கும். நிழல் என்பது வெளிச்சமே இல்லாத இடமல்ல, நேர் வெயில் படாத இடம். அங்கே வானத்தின் வெளிச்சம் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, வானம் நீலம். வெள்ளை வேட்டியை மொட்டை மாடியில் காயப்போட்டிருக்கும்போது அதன் மடிப்புகளை உற்றுப் பாருங்கள், தெரியும். தெரிந்தும் நாம் அதைச் சாம்பல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வேட்டி வெள்ளை என்று மூளைக்குத் தெரியும், ஆகவே கண் சொல்வதை அது காதில் போட்டுக்கொள்வதில்லை.

இதன் பின்னால் ஒரு சாயப்பட்டறைக் கதையும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இது எங்கள் தொழிலில் தினமும் நடப்பது. பாரிஸில் கோபெலன் என்ற அரசுத் திரைச்சீலை நெசவாலை இருந்தது. அதன் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரல். நீலத்துணி, ஊதாத்துணி ஆகியவற்றின் மடிப்பு நிழலுக்குப் போடும் கறுப்பு நூல் சோகையாக இருக்கிறது, சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார் வந்தது. அவர் மற்ற இடங்களின் கறுப்புச் சாயத்தோடு ஒப்பிட்டுச் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருக்கும் நீலம்தான் கறுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ஒரு நிறம் தன் அருகில் இருப்பதன்மேல் தனக்கு எதிரான நிறத்தைச் சாய்க்கிறது. அது கண்ணில் நடக்கிற விவகாரம், தொட்டியில் நடக்கிறதல்ல. 1839இல் இதை ஒரு பெரிய நூலாகவே எழுதினார். அடுத்த தலைமுறை ஓவியர்களுக்கு அது ஏறக்குறைய பாடப்புத்தகம். “புரூஃபில் சிவப்பு நன்றாக இருந்தது, அச்சில் செத்துவிட்டது” என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வரும்போதெல்லாம் நான் ஷெவ்ரலை நினைத்துக்கொள்வேன். பெரும்பாலும் பக்கத்தில் யாராவது ஒரு பச்சைப் பட்டை சேர்த்திருப்பார்கள்.

வெளியில் போய் வரைவதற்குக் கருவியும் கைகொடுத்தது. அதுவரை அரைத்த எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைப்பார்கள். குத்தி எடுத்தால் மீதி காய்ந்துபோகும். 1841இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கி மூடும் தகர டியூபுக்குக் காப்புரிமை பெற்றார். கோபால்ட் நீலம், செயற்கை அல்ட்ராமரின், விரிடியன் பச்சை என்று புதிய நிறங்களும் தொழிற்சாலைகளிலிருந்து வந்துகொண்டிருந்தன. ரயில் ஏறி ஒரு மணி நேரத்தில் ஆற்றங்கரைக்குப் போய்விடலாம். ஓவியர்களின் தைரியத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், டியூபைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள்.

இனி அந்தச் சூரிய உதயத்துக்கே வருவோம். 1872 என்று தேதியிட்டது. லெ ஹாவ்ர் துறைமுகம், பனிமூட்டம், இரண்டு படகுகள், ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். பாரிஸ் மர்மொத்தான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1985இல் திருடுபோய், 1990இல் கார்சிகாவில் கிடைத்து மீண்டும் வந்தது. நீங்கள் ஒன்று செய்யுங்கள். அந்தப் படத்தைத் தொலைபேசியில் திறந்து, திருத்தும் பகுதியில் நிறத்தை முழுவதும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும். சுற்றியிருக்கும் சாம்பல் மேகம் எவ்வளவு வெளிச்சமோ கிட்டத்தட்ட அவ்வளவே வெளிச்சம்தான் சூரியனும். நிறம் மட்டுமே வேறு. இதை விளக்கியவர் ஹார்வர்டு பல்கலைக்கழக நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன். ஒரு பொருள் எங்கே இருக்கிறது, அசைகிறதா என்று பார்க்கும் மூளைப் பகுதிக்கு நிறம் பெரிதாகத் தெரியாது, வெளிச்ச வேறுபாடுதான் தெரியும். அந்தப் பகுதிக்கு இந்தச் சூரியன் இல்லை. நிறத்தைப் பார்க்கும் பகுதிக்கோ அதுதான் படத்திலேயே பளிச்சென்று இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் அது ஓரிடத்தில் நிற்காமல் துடித்துக்கொண்டே இருக்கிறது. மோனேவுக்கு நரம்பியல் எதுவும் தெரிந்திருக்காது. மூட்டத்துக்குள் வரும் சூரியனைப் பார்த்தார், பார்த்ததை வைத்தார். இது பாதியில் விட்ட வேலையா?

அதன் பிறகு அவர் ஒரே பொருளை மாற்றி மாற்றி வரைய ஆரம்பித்தார். 1890-91இல் ஜிவெர்னியில் தன் வீட்டுக்கு அருகில் இருந்த வயலில் கதிர்ப்போர்கள். வைக்கோற்போர் என்று நாம் மொழிபெயர்க்கிறோம். உண்மையில் அவை கதிரோடு அடுக்கிய கோதுமைப் போர்கள். போரடிக்கும் இயந்திரம் ஊர் ஊராகச் சுற்றி வந்து சேரும்வரை குளிர்காலம் முழுவதும் வயலிலேயே நிற்கும். பனியில், உருகும் பனியில், மாலை வெயிலில் என்று அதையே வரைந்தார். வெளிச்சம் மாறினால் அந்தக் கித்தானை வைத்துவிட்டு வேறு கித்தான். 1891 மே மாதம் பட வியாபாரி டியூரான்-ருவெலின் கூடத்தில் 15 கதிர்ப்போர்களை ஒன்றாக மாட்டினார்கள். அவற்றில் நிழல் ஒரு படத்தில் ஊதா, ஒன்றில் செங்கல், ஒன்றில் பச்சை கலந்த நீலம். போர் சும்மா நிற்கிறது. நிழல்தான் கதாநாயகன்.

பாப்லர் மரங்களின் கதை இன்னும் வேடிக்கை. 1891இல் எப்த் ஆற்றங்கரையில் வரிசையாக நின்ற பாப்லர்களை அவர் படகிலிருந்து வரைந்துகொண்டிருந்தார். லிமெத்ஸ் என்ற ஊருக்குச் சொந்தமான மரங்கள் அவை. வெட்டி விற்க ஏலம் அறிவித்துவிட்டார்கள். மோனே ஒரு மர வியாபாரியைப் பிடித்து, அவர் நினைத்த விலைக்கு மேல் போனால் மிச்சத்தைத் தான் தருவதாகவும், பதிலுக்குச் சில மாதங்கள் மரங்களை நிற்கவிட வேண்டும் என்றும் ஒப்பந்தம் போட்டார். மரம் நின்றது, படம் முடிந்தது, பிறகு வெட்டினார்கள். அந்த வரிசையில் ஒரு படத்தின் வெளிச்சம் ஏழு நிமிடம்தான் நிற்குமாம். குறிப்பிட்ட ஓர் இலையை விட்டு வெயில் விலகியதும் தூரிகையைக் கீழே வைத்துவிடுவாராம். ஜிவெர்னியில் அவருக்கு அண்டை வீட்டில் கோடைகளைக் கழித்த அமெரிக்க ஓவியர் லில்லா கேபட் பெரி எழுதிவைத்த குறிப்பு இது.

இந்தக் கண்ணுக்கு ஒரு விலையும் இருந்தது. 1879 செப்டம்பரில் வெத்தய் என்ற ஊரில் மோனேயின் மனைவி கமீய் 32 வயதில் இறந்தார். இறந்த முகத்தை அவர் வரைந்தார். அந்தப் படமும் ஆர்சேயில்தான் இருக்கிறது. முகம் ஏதோ தண்ணீருக்கடியில் இருப்பது போல நீலமும் ஊதாவும் வெள்ளையுமான கீற்றுகளுக்குள் அமிழ்ந்திருக்கிறது. மிகவும் நேசித்த ஒருத்தியின் நெற்றியில் மரணம் ஏற்றிக்கொண்டிருந்த நீலத்தையும் மஞ்சளையும் சாம்பலையும் தன் கண் தானாகவே வரிசைப்படுத்திக்கொண்டிருந்ததைக் கண்டு திடுக்கிட்டதாகப் பல ஆண்டுகள் கழித்து தன் நண்பரும் பிரான்ஸின் பிரதமராக இருந்தவருமான கிளெமான்சோவிடம் சொல்லியிருக்கிறார். நான் அந்தப் படத்தின் முன் அதிக நேரம் நிற்கவில்லை. நிற்க முடியவில்லை.

இந்த இடத்தில் ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். இம்ப்ரெஷனிஸ்ட்டுகள் கறுப்பை ஒழித்துவிட்டார்கள் என்று சிலர் சூத்திரம் போல எழுதுகிறார்கள். அது மோனேவுக்கு ஓரளவு பொருந்தும், எல்லோருக்கும் அல்ல. இவர்களுக்கு அண்ணன் போல இருந்தவர் எதுவார் மானே (மோனே வேறு, இவர் வேறு). ஆனால் இவர்களது எட்டுக் கண்காட்சிகளில் ஒன்றில்கூடக் கலந்துகொள்ளவில்லை. 1872இல் அவர் வரைந்த ‘வயலட் பூங்கொத்துடன் பெர்த் மொரிசோ’வைப் பாருங்கள். கறுப்புத் தொப்பி, கறுப்பு உடை, பின்னால் வெளிச்சம். அந்தக் கறுப்புக்குள்ளேயே ஐந்தாறு கறுப்புகள். அச்சில் இதைக் கொண்டுவருவது பெரும்பாடு. கொஞ்சம் மை கூடினால் எல்லாம் ஒரே தார்ப் பூச்சாகிவிடும். அந்தப் படத்தில் இருக்கும் மொரிசோவே பெரிய ஓவியர். ‘தொட்டில்’ என்ற அவரது படம் 1874 கண்காட்சியிலேயே இருந்தது. தூங்கும் குழந்தைக்கும் நமக்கும் நடுவில் ஒரு மெல்லிய வலைத்துணி. அந்தத் துணியை எப்படி வரைந்தார் என்று நான் லென்ஸ் வைத்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அச்சில் தெரிவது வெறும் புள்ளிகள்தான். இதே குழுவைச் சேர்ந்த டெகாவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வெளியில் போய் வரைவதையே கிண்டல் செய்தவர், நிழலைப் பேசும்போது அவர் வழி வேறு.

ரெனுவாரின் ‘குடைகள்’ படத்தை மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். லண்டன் நேஷனல் கேலரியும் டப்ளினும் முறை வைத்துக்கொண்டு காட்டும் படம். வலதுபக்கம் இருக்கும் அம்மாவும் குழந்தைகளும் பஞ்சு போல மிருதுவாக இருக்கிறார்கள்; இடதுபக்கம் கூடையோடு நிற்கும் பெண் சிலை போலக் கறாராக இருக்கிறாள். சில ஆண்டுகள் இடைவெளி விட்டு இரண்டு கட்டமாக வரைந்ததால் வந்த வித்தியாசம். சோதனை செய்தபோது முதல் கட்டத்தின் நீலம் கோபால்ட் என்றும், இரண்டாவதன் நீலம் செயற்கை அல்ட்ராமரின் என்றும் தெரிந்தது. ஒரு மனிதர் மனம் மாறியதை நீல டியூபை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இப்போது அடுத்த தலைமுறை. வான்கோ, செஸான், கோகன், சூரா ஆகியோரை ஒரே கூட்டமாக நினைக்காதீர்கள். 1910இல் லண்டனில் ரோஜர் ஃப்ரை என்ற விமர்சகர் ஒரு கண்காட்சி வைத்தபோது, இவர்களுக்கு ஏதாவது பெயர் வேண்டுமே என்று ‘போஸ்ட்-இம்ப்ரெஷனிஸ்ட்’ என்றார். பிந்தி வந்தவர்கள் என்பதைத் தவிர அந்தப் பெயரில் பொருள் இல்லை. அந்த நால்வருமே அப்போது உயிரோடு இல்லை.

வான்கோ 1888 பிப்ரவரியில் பாரிஸை விட்டுத் தெற்கே ஆர்ல் நகரத்துக்குப் போனார். அக்டோபரில் தன் படுக்கையறையை வரைந்தார். நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள்: மஞ்சள் கட்டில், சிவப்புப் போர்வை, இரண்டு நாற்காலிகள், நீலச் சுவர். ஆம்ஸ்டர்டாமில் ஒன்று, சிகாகோவில் ஒன்று, பாரிஸில் ஒன்று என்று மூன்று பிரதிகள் அவர் கையாலேயே வரைந்தவை. தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் அந்தச் சுவர் வெளிர் ஊதா என்கிறார். படத்திலோ நீலம். நான் முதலில் படித்தபோது மொழிபெயர்ப்புத் தவறு என்று நினைத்தேன். தவறு இல்லை. ஊதா வர நீலத்தோடு அவர் கலந்த சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளிறிப்போய்விட்டது. நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. டீக்கடை வாசலில் இரண்டு கோடை தொங்கிய காலண்டரைப் பார்த்திருப்பீர்கள். அம்மன் முகம் நீலமாக இருக்கும், குங்குமம் இருந்த இடமே தெரியாது. மெஜந்தாவும் மஞ்சளும் வெயிலில் பறந்துவிடும், சியானும் கறுப்பும் தாங்கி நிற்கும். ‘படுக்கையறை’க்கு நடந்ததும் அதுதான், கொஞ்சம் மெதுவாக. அந்த அறை ஓய்வைச் சொல்ல வேண்டும் என்பது அவர் திட்டம். ஊதாச் சுவருக்கு எதிரில் மஞ்சள் கட்டில். ஷெவ்ரல் சொன்ன அதே எதிர் நிறங்கள். இன்று நாம் பார்ப்பது அந்தத் திட்டத்தின் பாதி. இன்னொன்றையும் அதே கடிதத்தில் சொல்கிறார்: நிழல்களை நீக்கிவிட்டேன், ஜப்பானிய அச்சுப் படங்கள் போலத் தட்டையாகப் பூசியிருக்கிறேன் என்று. மோனே நிழலுக்கு நிறம் கொடுத்தார், வான்கோ நிழலையே வேண்டாம் என்றுவிட்டார். போய்ப் பாருங்கள், அந்த நாற்காலிக்கு நிழல் கிடையாது. மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த ஹிரோஷிகேயின் படங்களை 1887இல் அவர் எண்ணெய் வண்ணத்தில் பிரதியே எடுத்திருக்கிறார். ஓர் அச்சுத் தொழிலாளியாக இதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை உண்டு.

அவர் காதை அறுத்துக்கொண்ட கதையை நான் சொல்லப்போவதில்லை. அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். சொல்லாமல் விடப்படுபவர் ஜோஹன்னா. 1890 ஜூலையில் வான்கோ இறந்தார், ஆறு மாதத்தில் தியோவும் இறந்தார். கைக்குழந்தையோடு தனியாக நின்ற தியோவின் மனைவி அந்த நூற்றுக்கணக்கான படங்களை வைத்துக்கொண்டு, கண்காட்சிகள் வைத்து, கடிதங்களைத் தொகுத்து 1914இல் வெளியிட்டார். அவர் இல்லாவிட்டால் உங்கள் கேள்வியில் வான்கோவின் பெயர் இருந்திருக்காது.

செஸான்தான் எனக்கும் கடைசிவரை தண்ணி காட்டியவர். ஆப்பிள்கள் கோணலாக இருக்கும். மேசையின் இடது ஓரமும் வலது ஓரமும் துணிக்கு அடியில் போய்ச் சேரவே சேராது. ஆப்பிளைச் சுற்றி ஒரு நீலக்கோடு, அதற்குச் சற்று விலகி இன்னொன்று, இன்னும் விலகி மூன்றாவது. எங்கள் பாஷையில் இது ரெஜிஸ்டர் தப்பிய அச்சு, அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காமல் விலகிய அச்சு. பார்த்தவுடன் மெஷினை நிறுத்தச் சொல்வோம். பல நாள் இதை ஏன் கொண்டாடுகிறார்கள் என்று எரிச்சலாகவே இருந்தது. பிறகு ஒருநாள் வீட்டு மேசையில் இருந்த மாதுளையை ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், பிறகு மறு கண்ணை. பிறகு தலையைக் கொஞ்சம் சாய்த்தேன். விளிம்பு ஒவ்வொரு முறையும் நகர்ந்தது. கேமராவுக்குத்தான் ஒரே விளிம்பு. மனிதனுக்குப் பழத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்பது சதா சந்தேகம்தான். செஸான் அந்தச் சந்தேகத்தை அழிக்காமல் அப்படியே விட்டுவைக்கிறார். நிழலிலும் அப்படித்தான்; இருட்டிக் காட்டுவதற்குப் பதிலாக, சூடான நிறத்திலிருந்து குளிர்ந்த நிறத்துக்குப் படிப்படியாகப் போகிறார். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா, நீலம். ஆப்பிள் உருண்டையாகிவிடுகிறது.

அவர் எவ்வளவு மெதுவாக வேலை செய்தார் என்பதற்குப் பட வியாபாரி வொல்லார் சொன்ன கதை ஒன்று இருக்கிறது. 1899இல் செஸான் தன்னை வரைய, வொல்லார் 115 முறை உட்கார்ந்தாராம். அசைந்தால், ஆப்பிள் அசையுமா என்று திட்டு. அத்தனைக்கும் பிறகு கையில் இரண்டு சிறு இடங்கள் வண்ணம் படாமல் வெறும் கித்தானாகவே இருந்தன. வொல்லார் கேட்டபோது, பொருத்தமில்லாத ஒன்றை அங்கே வைத்துவிட்டால் அந்த இடத்திலிருந்து தொடங்கி முழுப் படத்தையும் மறுபடி வரைய வேண்டியிருக்கும் என்றாராம் செஸான். பாதியில் விட்ட வேலை என்று நீங்கள் சொன்னீர்களே, இது நிஜமாகவே பாதியில் விட்டது. 1906 அக்டோபரில் வெளியில் வரைந்துகொண்டிருந்தபோது இடிமழையில் மாட்டிக்கொண்டு, சில நாட்களில் நிமோனியாவில் இறந்தார். வயது 67.

புள்ளி வைத்து வரைந்த சூராவை, தொழில்காரன் என்ற முறையில் நான் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டும். மனம் போகவில்லை. அவரது ‘லா கிராந்த் ஜாத்’ என்ற படம் சுமார் இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். சிகாகோவில் இருக்கிறது, நான் பார்த்ததெல்லாம் அச்சில்தான். புள்ளியைப் புள்ளியால் அச்சடித்தால் என்ன மிஞ்சும்? அவர் புல்லில் வைத்த துத்தநாக மஞ்சள் சில ஆண்டுகளிலேயே பழுப்பாகிவிட்டது. ஆனால் அவரது கான்டே பென்சில் கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள். சொரசொரத்த தாளின்மேல் கறுப்பு மட்டும். விளக்கு வெளிச்சத்தில் ஓர் உருவம் இருட்டிலிருந்து மெதுவாகத் தேறி வரும். நிற விஞ்ஞானி என்று பெயரெடுத்தவரின் கறுப்புதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

கோகன் விஷயத்தில் நான் இரண்டு மனமாக இருக்கிறேன். நிறத்தைத் தட்டையாக, பயமில்லாமல் விரிப்பதில் அவருக்கு நிகரில்லை. பசிபிக் தீவான டஹீட்டியில் சிறுமிகளோடு அவர் வாழ்ந்த வாழ்க்கையைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் படங்களில் இருக்கும் முகங்களை முன்போலப் பார்க்க முடியவில்லை. ஆனால் அவரது படங்களிலிருந்து பாரிஸில் கற்றுக்கொண்டு, முற்றிலும் வேறு கண்ணோடு நம் பக்கம் வந்தவர் அம்ரிதா ஷெர்-கில். தென்னிந்தியப் பயணத்துக்குப் பிறகு 1937இல் அவர் வரைந்த ‘பிரம்மச்சாரிகள்’ டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கிறது. வெள்ளை வேட்டிகளை மட்டும் கவனியுங்கள்.

கடைசியாக, பாரிஸ் போகும் வாய்ப்புக் கிடைத்தால் ஒரு நடைமுறைத் தகவல். ஆர்சேவுக்குத் திங்கள் விடுமுறை, ஓரான்ஜரி அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. இது தெரியாமல் நான் செவ்வாயன்று போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். மறுநாள் மழை.

ஓரான்ஜரியில் இருப்பது மோனேயின் அல்லிக்குளம். முதல் உலகப் போர் நின்ற மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, நாட்டுக்குப் பரிசாகத் தருகிறேன் என்று கிளெமான்சோவுக்கு எழுதினார். கண்ணில் புரை, 1912இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், 1923இல்தான் வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை. அந்த நடுக்காலத்தில் வரைந்த ஜப்பானியப் பாலங்கள் சில செம்மண் கலங்கிய வெள்ளம் போல இருக்கும். 1926 டிசம்பர் 5 அன்று இறந்தார். சவப்பெட்டியின்மேல் கறுப்புத் துணி போர்த்தியிருந்ததைப் பார்த்த கிளெமான்சோ, மோனேவுக்குக் கறுப்பு கூடாது என்று அதை எடுத்துவிட்டுப் பூப்போட்ட துணியைப் போட்டார் என்று சொல்வார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் அந்த அறைகள் திறக்கப்பட்டன.

நீள்வட்டமாக இரண்டு அறைகள், சுவர் முழுக்கத் தண்ணீர். வெளிச்சம் கூரை வழியாக வருகிறது. 1960களில் மேலே ஒரு தளம் கட்டி அதை அடைத்துவிட்டார்கள்; 2006இல்தான் இடித்துத் திறந்தார்கள். நான் போன அன்று மழை என்பதால் உள்ளே எல்லாம் சாம்பல் கலந்த ஊதாவாக இருந்தது. ஏமாற்றத்தோடு நடுவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் இருக்கும், வெளியே மேகம் விலகியிருக்க வேண்டும். எதிர்ச் சுவரில் வில்லோ மரத்தின் அடியில், நான் அதுவரை வெறும் இருட்டு என்று நினைத்திருந்த இடத்தில், ஒரு பச்சை மேலே வந்தது, அதற்குள்ளிருந்து ஒரு கத்தரிப்பூ நிறம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். நானும் துடைத்தேன்.